சிவப்புப் படகும் வெள்ளைப் பூவும்

எனக்குக் கைராசி இருப்பதாக எங்கள் சொந்தத்தில் ஒரு பேச்சு உண்டு. அதைக் கிளப்பிவிட்டவர் என் தாய்மாமா. அவர் வீட்டில் எருமை வாங்கினாலும் சரி, ஐஸ் பெட்டி வாங்கினாலும் சரி, இரண்டில் எது என்று குழப்பம் வந்தால் எனக்குத்தான் போன் வரும். "அம்முணி, ரெண்டுல ஒண்ணச் சொல்லு" என்பார். நான் ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபடி, எருமையின் முகத்தைக்கூடப் பார்க்காமல், ஒன்றைச் சொல்லிவைப்பேன். அவர் மறுபேச்சில்லாமல் அதையே வாங்குவார். போன வருடம் தன் மகளுக்கு வந்த இரண்டு வரன்களில் ஒன்றைச் சொல்லச் சொன்னபோது மட்டும், அவளையே கேளுங்கள் என்று சொல்லி நழுவிவிட்டேன். அதையும் நல்ல யோசனை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

உண்மையில் இந்தக் கைராசி ஒரு பித்தலாட்டத்தில் பிறந்தது. அப்போது எனக்கு ஒன்பது வயது, நாலாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன்.

அப்பா ஹெப்பாள் தொழிற்பேட்டையில் ஒரு ஃபைபர் பட்டறையில் வேலை செய்தார். தண்ணீர்த் தொட்டி, பஸ் இருக்கை, கடை வாசலில் நிற்கும் ஐஸ்கிரீம் பொம்மை என்று எதைக் கேட்டாலும் அங்கே செய்து தருவார்கள். அச்சின் மேல் கண்ணாடி நார்ப் பாயை விரித்து, அதன்மேல் ரெசின் பசையைப் பூசி, அது பிடித்ததும் இன்னொரு பாய், இன்னொரு பூச்சு என்று ஏற்றிக்கொண்டே போவது அப்பாவின் வேலை. அந்த நார்த் தூசி உடம்பில் பட்டால் அரித்துப் பிடுங்கும். அதனால் சாயந்திரம் அவர் வந்ததும் நான் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள முடியாது. "கிட்ட வராதே கண்ணு, குளிச்சுட்டு வந்தர்றேன்" என்று கையை நீட்டித் தடுத்துவிட்டுக் குளியலறைக்குப் போவார். அவருடைய சட்டையை அம்மா தனி வாளியில் நனைப்பாள்.

பட்டறை முதலாளி கன்னடக்காரர். எங்களோடு பேசும்போது பாதித் தமிழும் பாதிக் கன்னடமுமாகப் பேசுவார். நல்ல மனிதர், ஆனால் எதிலும் அவசரம். இரண்டு வயதில் எனக்குக் காய்ச்சல் முற்றி வலிப்பு வந்தபோது, ஆட்டோ தேடி அலைந்த அப்பாவையும் என்னையும் தன் காரில் ஏற்றி, என்னை ஆஸ்பத்திரியில் சேர்த்து, நான் கண் திறக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தவர். அந்த நன்றியை அப்பா இன்றுவரை மறக்கவில்லை. முதலாளி உயிரோடு இருந்தவரை, அவரைப் பற்றி ஒரு குறை சொல்லி நான் அப்பா வாயிலிருந்து கேட்டதில்லை.

மாமாவுக்கு வருகிறேன். அம்மாவுக்கு ஒரே தம்பி, பத்து வயது இளையவர். சொந்த ஊரான மார்டள்ளிப் பக்கம் இருந்த மானாவாரிக் காட்டில் மழையை நம்பிப் பயனில்லை என்று கபினி அணையின் பின்நீர்ப் பகுதிக்குக் குடிபோய்விட்டார். அங்கே பரிசலில் மீன் பிடிப்பவர்களிடம் போய் மீனை வாங்கி, கரைக்குக் கொண்டுவந்து வண்டியில் ஏற்றிவிடுவது அவர் தொழில். ஒரு பழைய மரப் படகில் துடுப்புப் போட்டே இதைச் செய்துகொண்டிருந்தார். வெயில் ஏறுவதற்குள் கரை சேராவிட்டால் மீன் கெட்டுவிடும். பாதி நாள் கெட்டுத்தான் போனது.

மாமாவின் மனசு வெள்ளை. வாய்க்குத்தான் மூடியே கிடையாது. ஒருமுறை எங்கள் வாடகை வீட்டுச் சொந்தக்காரம்மா கொடுத்தனுப்பிய பாயசத்தில் தீய்ந்த வாடை அடிக்கிறது என்று அம்மா சமையலறையில் எங்களிடம் முணுமுணுத்தாள். அன்று சாயந்திரமே மாமா அந்த அம்மாளை வாசலில் பார்த்து, "எங்கக்கா சொல்லுச்சுங்க, அடுத்த தடவ அடுப்பக் கொஞ்சம் கொறச்சு வெய்யுங்க" என்று அக்கறையாக எடுத்துச் சொல்லிவிட்டார். அதற்கப்புறம் இரண்டு மாதம் எங்கள் குழாய்க்குத் தண்ணீர் நூலாகத்தான் வந்தது. அவரிடம் ஒன்றைச் சொல்வதும் தெருவில் நின்று தமுக்கடிப்பதும் ஒன்றுதான் என்று அப்பா சொல்வார்.

அந்த மாமா ஒரு மாசி மாதத்தில், சாக்குப்பையில் சுற்றிய ஒரு எஞ்சினோடு எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினார். மங்களூர்ப் பக்கம் யாரோ விற்ற, படகில் மாட்டி ஓட்டுகிற பழைய அவுட்போர்டு எஞ்சின். கைக்குழந்தையைப் போல அதைச் சுவரோரம் சாய்த்து வைத்தார். இனிமேல் துடுப்புக்கு வேலை இல்லை, எஞ்சின் வந்துவிட்டது, படகுதான் பாக்கி என்றார். அப்பாவின் பட்டறையில் இரண்டு ஃபைபர் படகுகள் செய்து விற்காமல் கிடப்பது அவருக்கு எப்படியோ தெரிந்திருந்தது. எப்படி என்ன, நான்தான் பொங்கலுக்குப் போனபோது சொல்லியிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லோரும் பட்டறைக்குப் போனோம். முதலாளியே சாவியோடு வந்திருந்தார். ரெசின் வாடை மூக்கைத் துளைக்கும் கொட்டகையின் பின்னால், மரக்கட்டைகளின் மேல் இரண்டு படகுகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன.

ஒன்று வெள்ளை. வெள்ளை என்பதும் மரியாதைக்குத்தான், சாயம் பூசாத பழுப்பு. அகலமாக, தட்டையான அடியோடு, குறுக்கே மூன்று பலகைகள் போட்டு, துணி துவைக்கும் தொட்டியைக் கொஞ்சம் நீட்டி இழுத்துவிட்ட மாதிரி இருந்தது. இன்னொன்று சிவப்பு. குங்குமச் சிவப்பு. கூர்மையான மூக்கு, முன்னால் காற்றுத் தடுக்கும் கண்ணாடி, மெத்தை வைத்த இருக்கை, எல்லாவற்றுக்கும் மேலாகக் காரில் இருப்பதுபோல ஒரு ஸ்டியரிங். ஏதோ ஒரு விடுதிக்காரர் கேட்டுச் செய்தது, கடைசியில் அவர் வாங்கிக்கொள்ளவில்லை. நான் யாரையும் கேட்காமல் அதில் ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் திருப்ப ஆரம்பித்தேன். மாமா என் பக்கத்து மெத்தையில் ஏறி உட்கார்ந்தார். எங்கள் இரண்டு பேர் முகத்திலும் ஒரே களை இருந்திருக்க வேண்டும், முதலாளி எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

"ஏனப்பா, எப்பிடி இருக்கு? ரெட் போட் சென்னாகிதெ அல்லவா?" என்றார். நன்றாக இருக்கிறதல்லவா என்று கேட்கிறார் என்பது மாமாவுக்கு யாரும் சொல்லாமலே புரிந்தது.

"ராசா மாதிரி இருக்குதுங்க" என்றார் மாமா.

அப்பா இரண்டு படகுகளையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்தார். வெள்ளைப் படகின் பின்பக்கம் போய், பின்பலகையை நாணயத்தால் தட்டினார். டக், டக், டக் என்று கணீரெனக் கேட்டது. பிறகு சிவப்புப் படகின் பின்பக்கம் வந்து அதே மாதிரி தட்டினார். தொப், தொப் என்றது. மறுபடியும் வெள்ளைக்குப் போனார், மறுபடியும் சிவப்புக்கு வந்தார். டக், டக். தொப், தொப்.

"என்னங் மச்சான், தேங்காயா வாங்கறோம்? தட்டித் தட்டிப் பாக்கறீங்க" என்றார் மாமா. முதலாளி சிரித்தார். நானும் சிரித்தேன். அப்பா நாணயத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "வெள்ளை கொஞ்சம் அகலம், மாப்ள. மீன் பெட்டி நெறைய வெக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

"மீனு என்னைக்கும் இருக்குதுங். அக்கரைக்கு டூரிஸ்ட்டுக ஏராளமா வராங்க. அவுங்க இந்தத் தொட்டியில ஏறுவாங்களா? என்ற சம்சாரமே ஏறமாட்டா. சிவப்புன்னா அவளும் புள்ளைகளும் தெனமும் டவுனுக்கு வருவாங்க."

அம்மா கொஞ்சம் தள்ளி, வெயிலுக்கு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றிருந்தாள். அவள் படகைப் பார்க்கவில்லை. அப்பாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாளைக்குச் சொல்லுகிறோம் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினோம். சிட்டி பஸ்ஸில் மாமா முன்னால் நின்றுகொண்டு, பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒருவரிடம் தான் வாங்கப்போகும் சிவப்புப் படகைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அம்மா மடியில். அப்பா ஜன்னலோரம். வெகுநேரம் கழித்து அம்மா மெல்லக் கேட்டாள்.

"எஞ்சின எந்தப் பக்கம் மாட்டுவாங்க?"

"பின்னாடி" என்றார் அப்பா. "அந்தப் பலகையிலதான்."

அவ்வளவுதான் பேச்சு. படகில் எஞ்சின் எங்கே இருக்கும் என்றுகூட அம்மாவுக்குத் தெரியவில்லையே என்று எனக்கு அவள்மேல் கொஞ்சம் இளக்காரம் வந்தது.

மத்தியானச் சாப்பாட்டின்போது மாமா சிவப்பு என்று முடிவே கட்டிவிட்டார். அப்பா ரசத்தைப் பிசைந்தபடி, இன்னும் ஒரு தடவை யோசிக்கலாம் என்றார். என்ன யோசிக்க வேண்டும், சொல்லுங்கள் என்றார் மாமா. அப்பா இன்னும் கொஞ்சம் ரசத்தை ஊற்றிக்கொண்டார். மாமாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. மச்சானுக்குத் தான் நல்ல படகு ஓட்டுவது பிடிக்கவில்லையோ என்று நினைத்துவிட்டார் என்பது எனக்கே தெரிந்தது. நான் முழுமனதாக மாமாவின் கட்சி.

அப்போதுதான் அம்மா மோர்ச் சொம்போடு வந்து உட்கார்ந்து சொன்னாள்.

"ஏன் தம்பி இந்தக் குழப்பம்? மாதப்பன் படத்துக்கு முன்னால பூக் கட்டிப் போட்டுப் பாத்துருவோம். சிவப்புப் பூ வந்தா சிவப்பு, வெள்ளைப் பூ வந்தா வெள்ளை. அம்முணி எடுக்கட்டும். சாமி சொன்னாக் கேப்பியா?"

எங்கள் பக்கத்தில் மலை மாதேஸ்வரன்தான் மாதப்பன். கல்யாணம் பேசுவது, நிலம் வாங்குவது என்று மனசு இரண்டுபட்டால், இரண்டு நிறப் பூவைத் தனித்தனியாகப் பொட்டலம் கட்டி அவன் முன்னால் போட்டு, குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வந்தது வந்ததுதான். அதற்குமேல் பேச்சில்லை.

"மாதப்பன் சொன்னா நான் மறுபேச்சுப் பேசுவனாக்கா?" என்று மாமா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ஆனால் மாமா சாமியிடம் மட்டும் விட்டுவிடுகிற ஆள் இல்லை. சாயந்திரம் என்னைக் கொல்லைப்புறம் கூட்டிக்கொண்டு போனார். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஒரு செம்பருத்திச் செடியும் ஒரு நந்தியாவட்டையும் இருந்தன. நந்தியாவட்டையில் கொள்ளைப் பூ. செம்பருத்தியில் மறுநாள் விரியப்போகிற ஒரே ஒரு மொட்டு.

"பாத்தியா அம்முணி? இதுதான் நாளைக்குச் சிவப்புப் பூ. வேற ஒண்ணுமே இல்ல. செம்பருத்தி பெரிசு, நந்தியாவட்டை சின்னது. பொட்டலம் கட்டுனா எது குண்டா இருக்கும்?"

"செம்பருத்தி" என்றேன்.

"என்ற தங்கம். கையில ரெண்டையும் எடுத்துப் பாரு. குண்டா இருக்கறத எடுத்துக் குடுத்துரு. அவ்வளவுதான். சாமிக்கு நாம ஒரு சின்ன உதவி பண்றோம், தப்பில்ல."

சிவப்புப் படகு தண்ணீரில் இறங்குகிற முதல் நாள் நான்தான் ஸ்டியரிங் பிடிப்பேன் என்றும் வாக்குக் கொடுத்தார். நான் தலையாட்டினேன். கொல்லைப் பக்கம் சமையலறை ஜன்னல் இருந்தது. உள்ளே பாத்திரம் விளக்கும் சத்தம் கொஞ்ச நேரமாக நின்றுபோயிருந்தது. நாங்கள் பேசி முடித்ததும் மறுபடி ஆரம்பித்தது. இதை நான் கவனிக்கத்தான் செய்தேன், ஆனால் வேலை முடிந்துவிட்டது, அப்புறம் இன்னும் கொஞ்சம் பாத்திரம் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை பள்ளிக்கூடச் சீருடையோடு என்னைப் படத்துக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். விளக்கு எரிந்தது. அம்மா கன்னடச் செய்தித்தாளைக் கிழித்துக் கட்டிய இரண்டு பொட்டலங்களைத் தாம்பாளத்தில் வைத்தாள். மாமா எனக்குப் பின்னால் உட்கார்ந்து பலமாக மூச்சுவிட்டார். அப்பா டிபன் பாக்ஸைக் கையில் பிடித்தபடி நிலைப்படியில் நின்றார். அவர் முகம் வெளுத்திருந்தது. காலை இட்லியையும் அவர் சாப்பிடவில்லை.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒரு பொட்டலம் சப்பையாக இருந்தது, இன்னொன்று நன்றாக உப்பியிருந்தது. சந்தேகத்துக்கே இடமில்லை. குண்டுப் பொட்டலத்தை எடுத்து மாமாவின் கையில் கொடுத்தேன். சிரிப்பு வந்துவிடாமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

மாமா பொட்டலத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, சபைக்குக் காட்டுகிறவரைப் போல மெதுவாகப் பிரித்தார்.

உள்ளே நந்தியாவட்டை. ஒன்றல்ல, ஐந்தாறு பூ. அமுங்கிக் கசங்கி, ஆனால் பளிச்சென்று வெள்ளையாக.

மாமா என்னைப் பார்த்தார். நான் மாதப்பனைப் பார்த்தேன். மாதப்பன் புலிமேல் உட்கார்ந்தபடி என்னையே பார்த்தார். மாமாவின் வாய் திறந்தது. அதிலிருந்து அன்றைக்கு, அவர் வாழ்க்கையிலேயே முதல்முறையாக, ஒரு வார்த்தையும் வரவில்லை. எப்படி வரும்? குண்டுப் பொட்டலத்தை எடுக்கச் சொல்லிக் குழந்தைக்குச் சொல்லிக்கொடுத்தேனே என்று சாமி முன்னால் சொல்ல முடியுமா? சாமி நம் திருட்டைக் கண்டுபிடித்துவிட்டது என்று அவர் கண்ணில் எழுதியிருந்தது. என் கண்ணிலும் அதேதான் எழுதியிருந்திருக்கும்.

"மாதப்பா" என்று சாஷ்டாங்கமாக விழுந்தார் மாமா. எழுந்தபோது, "வெள்ளைதான் மச்சான். கெளம்புங்க, அட்வான்ஸ் குடுத்துட்டு வந்துருவோம்" என்றார்.

இன்னொரு பொட்டலத்தை நான் எடுக்கப்போனேன். அம்மா முந்திக்கொண்டாள். "அதப் பிரிக்கக் கூடாது, சாமி குத்தம்" என்று எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அப்பா ஒரு பெருமூச்சு விட்டு, "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார். அவர் சமையலறைக்குள் போய் நின்றபடியே நாலு இட்லியை விழுங்கிவிட்டுப் போனதை நான் பார்த்தேன்.

வெள்ளைப் படகு கபினிக்குப் போனது. அந்த ஆனி மாதம் மேல்காற்று எழும்பிய ஒரு நாள், மாமா டவுனிலிருந்து அத்தையையும் இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தார். பாதித் தண்ணீரில் காற்று பிடித்துக்கொண்டது. பின்நீரில் அப்படி அலை எழும்பி அவர் பார்த்ததில்லையாம். கரை கண்ணுக்குத் தெரிகிறது, போய்ச் சேர முடியவில்லை. எஞ்சினை முழு வேகத்தில் வைத்துக்கொண்டு ஒரு மணிநேரத்துக்கு மேல் அலையை எதிர்த்து நின்றிருக்கிறார்கள். எஞ்சின் உதறிய உதறலில் பல்லெல்லாம் ஆடியது என்றார். அத்தை பிள்ளைகளை முந்தானையில் சேர்த்துக் கட்டிக்கொண்டாளாம். படகு அசையவில்லை. அந்த அகலமும் அந்தத் தட்டை அடியும் அவர்களைத் தாங்கிக் கரையில் கொண்டுபோய்ச் சேர்த்தன.

மறுநாள் மாமா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் வாழையிலையில் சுற்றிய பெரிய கட்லா மீன், ஒரு சீப்புப் பழம், எனக்கு ஒரு டஜன் சிவப்பு வளையல். உள்ளே வந்ததும் என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதார்.

"என்ற புள்ளைக இன்னிக்கு உசுரோட இருக்குதுன்னா இந்தக் கையாலதான், அம்முணி. நானே கெட்ட புத்தி சொன்னேன். உன்ற கை நல்லதத்தான் எடுத்துச்சு."

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. என் கை நல்லதை எடுக்கவில்லை, குண்டானதை எடுத்தது என்று எப்படிச் சொல்வேன்? அப்பா எங்களைப் பார்க்காமல் எழுந்து கொல்லைக்குப் போனார். முகம் கழுவுகிற சத்தம் கேட்டது. அம்மா மீனை வாங்கிக்கொண்டு, "இவ்வளவு பெரிசா? யாரு திங்கறது?" என்றபடி அரிவாள்மனையைத் தேடப் போனாள். அன்று முதல் ஆரம்பித்ததுதான் என் கைராசி.

சிவப்புப் படகு கடைசிவரை தண்ணீரையே பார்க்கவில்லை. இரண்டு மூன்று வருடம் பட்டறையில் கிடந்து, பிறகு ஒரு ஹோட்டலின் புல்வெளிக்கு அலங்காரமாகப் போனது. இன்றும் அங்கேதான் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் என் மகன் அதில் ஏறி ஸ்டியரிங்கைத் திருப்புவான். ஒருநாள் எங்களோடு வந்த அப்பா, காப்பி வருவதற்குள் எழுந்து போய், அதன் பின்பலகையை நாணயத்தால் தட்டினார். தொப், தொப். திரும்பி வந்து உட்கார்ந்து, பட்டறையை விட்டு நின்று நாலு வருடமும், முதலாளி காலமாகி இரண்டு வருடமும் ஆன பிறகு, முதல்முறையாக அதைப் பற்றி வாயைத் திறந்தார்.

அந்தப் பின்பலகைக்குள் வைத்து ரெசின் பூசிய மரம் ஐப்பசி மழையில் நனைந்தது. காயட்டும் என்று அப்பா சொன்னார். விடுதிக்காரர் அவசரப்படுத்தியதால், உள்ளே போனால் காய்ந்துவிடும் என்று முதலாளி பூசச் சொல்லிவிட்டார். காயவில்லை, உள்ளே அழுகியது. வெளியே குங்குமச் சிவப்பு. முதலாளிக்கு அது பெரிய விஷயமாகவே படவில்லை. எஞ்சின் மாட்டி நாலு நாள் ஓட்டினால் பலகை பிய்ந்துவிடும் என்று அப்பாவுக்குத் தெரியும். மாமாவிடம் சொன்னால், அவர் நேரே முதலாளியிடம் போய், "பலகை அழுகிப்போச்சாமுங்க, எங்க மச்சான் சொன்னாரு" என்று நல்லெண்ணத்தோடு சொல்லிவிடுவார். என்னைக் காரில் தூக்கிக்கொண்டு ஓடிய மனிதரின் முகத்தில் அப்பா எப்படி விழிப்பார்?

"அப்ப வெள்ளைப் பூ வராமப் போயிருந்தா?" என்று கேட்டேன்.

"சொல்லியிருப்பேன் கண்ணு. வேலை போனாப் போவுதுன்னு சொல்லியிருப்பேன். அன்னைக்குக் காலையில அந்த முடிவோடதான் நின்னுட்டிருந்தேன்" என்றார் அப்பா. அம்மா காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தாள். எல்லாம் மாதப்பன் செயல் என்றுகூடச் சொல்லவில்லை.

நான் அம்மாவைப் பார்த்தேன். மனசு அந்தத் திங்கட்கிழமைக் காலைக்குப் போயிற்று.

அப்பாவும் மாமாவும் பட்டறைக்குக் கிளம்பிப் போனதும், நான் அழுகையை அடக்க முடியாமல் கொல்லைப்புறம் ஓடினேன். துவைக்கிற கல்லின்மேல் உட்காரப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். செம்பருத்திச் செடியில், நேற்று மாமா காட்டிய அதே கிளையில், அந்த ஒற்றை மொட்டு முழுசாக விரிந்து நின்றது. ஒரு இதழ் கசங்கவில்லை. பனித்துளிகூட அப்படியே இருந்தது.

அந்தப் பூ பறிக்கப்படவே இல்லை என்று எனக்குத் தோன்றவில்லை. சப்பைப் பொட்டலத்திலும் நந்தியாவட்டைதான் இருந்திருக்கும் என்று தோன்றவில்லை. ஒன்பது வயதுக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான். நான் திருட்டுத்தனம் பண்ணியதால் மாதப்பன் கோபப்பட்டு, பொட்டலத்திலிருந்த பூவை எடுத்து, வந்த இடத்திலேயே திருப்பி ஒட்டவைத்துவிட்டார்.

அலறிக்கொண்டு அம்மாவைக் கூப்பிட்டேன். ஈரக்கையோடு ஓடிவந்தவள் செடியைப் பார்த்தாள். அவள் முகம் ஒரு கணம் மாறியது. நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மாமா சொன்னது, குண்டுப் பொட்டலம், ஸ்டியரிங், சாமியின் கோபம், எல்லாம். அம்மா என்னைத் திட்டவில்லை. ஈரக்கையால் என் கண்ணைத் துடைத்தாள்.

"மாமாகிட்ட இதச் சொல்லாத. அப்பாகிட்டயும் சொல்லாத. சாமிகிட்ட நான் பேசிக்கறேன்."

செம்பருத்தியைப் பறித்து உள்ளே எடுத்துக்கொண்டு போனாள். நான் கதவோரம் நின்று பார்த்தேன். அதை மாதப்பன் படத்துக்கு முன்னால் வைத்து, கண்ணை மூடி, "தப்புத்தான் சாமி, மன்னிச்சுக்க" என்று சொல்லி, இரண்டு கன்னத்திலும் மாறி மாறிப் போட்டுக்கொண்டாள். ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை.

நான் செய்த பாவத்துக்கு அம்மா கன்னத்தில் போட்டுக்கொள்கிறாளே என்று நினைத்து, அன்று பள்ளிக்கூடம் போகும் வழியெல்லாம் அழுதுகொண்டே போனேன்.